கண்ணுக்குள் ஐந்து மாதம் எண்ணெய்: மூன்று ஆபரேஷனுக்கு என் மதிப்பெண்

விருதுநகர் எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அதனால் என் இடது கண்ணுக்குள் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும், தெருமுனைப் பரோட்டாக் கடையில் எனக்கு விழுந்த முதல் கேள்வி: “எந்த எண்ணெய் அண்ணாச்சி? நல்லெண்ணெயா, கடலெண்ணெயா?” சிலிக்கான் என்றேன். “லிட்டர் என்ன வெலை?” கண்ணுக்குள் பிடிப்பதே ஐந்தாறு மில்லிதான், லிட்டர் கணக்கில் வாங்கினால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மருத்துவமனையிலிருந்து போனுக்கு ஒரு இணைப்பு வந்திருந்தது, ‘எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்’ என்று. ஐந்து நட்சத்திரம், கீழே இரண்டு வரி எழுத இடம். மூன்று ஆபரேஷன், எட்டு மாதம், ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவு. இரண்டு வரியில் எப்படி அடங்கும்? அதனால் இங்கே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. பாராட்டினால் விளம்பரம் என்பார்கள், குறை சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். தனியார் மருத்துவமனை, பஸ்ஸில் போய் வருகிற தூரம், அது போதும். நான் மதிப்பெண் போடுவது தழும்பு விழுந்த விழித்திரையைத் திரும்ப ஒட்டும் அந்த வேலைக்கு. கூடவே அதைச் சுற்றியிருக்கிற வரிசை, சீட்டு, பில், தலையணை எல்லாவற்றுக்கும்.

எனக்கு 54 வயது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் தொழில். பதினான்கு வயதில் ட்ரெடில் அச்சகத்தில் எழுத்துக் கோக்கப் போனேன். கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருக்கும் ஈய எழுத்தைப் படித்துப் பழகிய கண் இது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்து டிடிபிக்கு மாறினேன். இடது கண் பவர் மைனஸ் 9, வலது மைனஸ் 7. இவ்வளவு பவர் இருந்தால் கண் உருண்டை நீளமாக இருக்கும், உள்ளே விழித்திரை இழுபட்டு ஓரங்களில் மெலிந்திருக்கும், மற்றவர்களைவிடக் கிழிசல் விழ வாய்ப்பு அதிகம். இத்தனை வருஷம் எனக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்த ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

2023 ஆவணி முகூர்த்த சீசன். ராத்திரி பதினோரு மணிக்கு லைட்டை அணைத்துவிட்டுப் படுத்தால் இடது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டும். கண்ணைத் திருப்பும்போதெல்லாம் வெட்டும். இரண்டு நாள் கழித்து, விளக்கு மாடத்தில் புகை படிந்தது போலக் கரும்புள்ளிகள் பறந்தன. பக்கத்தில் ஒரு கண் பரிசோதனைக் கடைக்குப் போனேன். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். “கம்ப்யூட்டர் ரொம்பப் பாக்குறீங்க, கண்ணு காஞ்சிருக்கு” என்று ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதை நம்பிப் பன்னிரண்டு நாள் விட்டேன்.

இந்த இடத்தில் ஒரு பூஜ்யம் போடுகிறேன். மின்னலும் புள்ளியும் புதிதாக வந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கண்மணியை மருந்து ஊற்றி விரித்து, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, லென்ஸ் பிடித்து ஓரம்வரை பார்க்க வேண்டும். அன்றைக்குப் பார்த்திருந்தால் கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு உட்கார்ந்தபடியே வேலையை முடித்திருக்கலாம். அந்த வசதி தங்களிடம் இல்லை என்றால், ‘இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். கண் காய்ந்திருக்கிறது என்ற அந்த ஒரு வரிதான் என் கண்ணில் விழுந்த முதல் அடி.

பன்னிரண்டாம் நாள் காலையில் பல் துலக்கும்போது இடது கண்ணின் அடியில், மூக்கோரமாக, ஒரு கருப்புத் திரை நின்றது. சாயங்காலத்துக்குள் பாதிக்கண் போய்விட்டது. கண்ணில் எல்லாம் தலைகீழ். திரை கீழே தெரிந்தால் விழித்திரை பெயர்ந்திருப்பது மேலே. கிழிசல் வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் நீர் பின்பக்கம் புகுந்து, சுவரில் நோட்டீஸ் உரிவது போல உரிந்துகொண்டே வந்திருக்கிறது. ஆபரேஷன் மேசைக்குப் போவதற்குள் பார்வையின் நடுப்புள்ளியான மேக்குலாவும் பெயர்ந்துவிட்டது.

முதல் ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை வெட்டி உறிஞ்சி எடுத்தார்கள். அதற்கு விட்ரெக்டமி என்று பெயர். லேசர் போட்டு, விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க கேஸ் அடைத்தார்கள். வலி இல்லை. கேஸ் இருக்கும்வரை விமானம் கூடாது, ஊட்டி கொடைக்கானலும் கூடாது, மேலே போகப் போக கேஸ் விரிந்து கண்ணில் அழுத்தம் ஏறிவிடும் என்று மூன்று பேர் மூன்று தடவை சொன்னார்கள். அதற்கு முழு மதிப்பெண். கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை உள்ளிருந்தே பார்க்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் மாதிரி ஒரு கோடு, தலையை ஆட்டினால் ஆடும். ஒவ்வொரு நாளும் கோடு கீழே இறங்கும், மேலே வெளிச்சம் கூடும். ஆறாவது வாரம் பத்திரிகையின் தலைப்பு எழுத்தைப் படித்தேன். பார்ட்டிக்கு போன் போட்டு வேலை எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஏழாவது வாரம் மறுபடியும் திரை. இந்தத் தடவை மேலிருந்து இறங்கியது.

கண்ணில் தழும்பு விழும் என்பதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். ஆபரேஷன் செய்தது ஓர் அம்மா, என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் இருப்பார். என்னை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார். கிழிசல் விழும்போது விழித்திரைக்குப் பின்னாலிருக்கும் நிறமிச் செல்கள் சில கண்ணுக்குள் உதிர்கின்றன. அவை மிதந்து போய், பெரும்பாலும் கீழ்ப்பாகத்தில் படிகின்றன. காயம் ஆற்றுகிற வேலையை அங்கே தொடங்குகின்றன. விழித்திரையின் மேலும் சில சமயம் அடியிலும் சவ்வு போலப் படர்ந்து, அப்புறம் அந்தச் சவ்வு சுருங்குகிறது. கையில் காயம் பட்டால் தழும்பு சுருங்குவது நல்லது, வாய் மூடும். கண்ணில் சுருங்கினால் அது விழித்திரையைச் சேர்த்து இழுக்கும், சுருக்கம் விழும், ஒட்டியதைப் பெயர்க்கும், ஆறின கிழிசலையும் திறக்கும்.

ஸ்கேனை அவர் திருப்பிக் காட்டினார். எனக்கு உடனே புரிந்தது, என் தொழிலில் பார்த்தது அது. பட்டர் பேப்பரில் பசையை ஓரிடத்தில் அதிகமாகத் தடவிவிட்டால், காயும்போது அந்த இடத்தைச் சுற்றி நட்சத்திரம் போல மடிப்பு விழும், என்ன இழுத்தாலும் நீவ முடியாது. “இதே மாதிரிதான் ஐயா, நாங்களும் நட்சத்திர மடிப்புன்னுதான் சொல்வோம்” என்றார். கோப்பில் ‘பி.வி.ஆர்., கிரேடு சி’ என்று எழுதினார். விழித்திரையில் இப்படித் தழும்பு படர்வதற்கான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை, சி என்றால் முற்றிய நிலை. இதற்கு இந்தப் பெயரை அமெரிக்காவின் ரெட்டினா சங்கம் வைத்ததே 1983ல்தானாம். விழித்திரை விலகல் ஆபரேஷன் தோற்பதற்குப் பெரிய காரணம் இதுதான், நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வரும், நாள் தள்ளிப் போய் வந்தால் வாய்ப்பு கூடும். அந்தப் பன்னிரண்டு நாளை நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் இந்த மதிப்புரையை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

“ஒட்டுறது வேற, தெரியிறது வேற ஐயா. ஒட்ட வைக்க என்னால முடிஞ்ச எல்லாம் பண்றேன். ஒட்டினாலும் இந்தக் கண்ணால புரூஃப் பாக்க முடியுமான்னு இன்னைக்கு நான் சொல்ல முடியாது. முடியாதுன்னு வச்சுக்கிட்டே முடிவு எடுங்க. ஒரு ஆபரேஷன்ல முடியாமலும் போகலாம். விட்டா அந்தக் கண்ணு முழுசாப் போயிரும். வேண்டாம்னு போறவங்களும் உண்டு, அதுவும் தப்பில்ல.”

அதைச் சொல்லிவிட்டு, என் மனைவி கேட்ட கேள்விக்கெல்லாம் இன்னொரு தடவை பதில் சொன்னார். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் அட்டெண்டர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார், அந்த அம்மா திரும்பவே இல்லை. முதல் ஆபரேஷனுக்கு முன்னால் எனக்குக் கையெழுத்து வாங்கியவர் ‘சக்சஸ் ரேட் நல்லா இருக்கு சார்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார். சக்சஸ் என்றால் அவர்கள் கணக்கில் விழித்திரை ஒட்டுவது. என் கணக்கில் சக்சஸ் என்றால் எட்டுப் பாயிண்ட் பொடி எழுத்தைப் படிப்பது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு அர்த்தத்தில் ஏழு வாரம் சந்தோஷமாக இருந்திருக்கிறோம்.

இரண்டாவது ஆபரேஷன் நவம்பர் 6, தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால். கண்ணுக்குக் கீழே ஊசி போட்டு மரத்துப் போகச் செய்தார்கள், நினைவு இருந்தது. இரண்டரை மணி நேரம். முகத்தில் துணி மூடி, துணிக்குள் ஒரு குழாயில் காற்று வரும். கண்ணைச் சுற்றி வெளிப்பக்கம் சிலிக்கான் பட்டை ஒன்றைக் கட்டினார்கள், பெல்ட் என்கிறார்கள். தழும்பு உள்ளே இழுக்கிற இழுப்புக்கு வெளியிலிருந்து சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடுக்கிறது அது. அதைக் கட்டும்போது மட்டும் ஒரு இழுவை, பல் பிடுங்கும்போது தாடை நகர்வது போல. அப்புறம் உள்ளே. வெள்ளைவிழியில் மூன்று துளை, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒன்றில் கண்ணை இறுக்கமாக வைக்கத் தண்ணீர், ஒன்றில் விளக்கு, ஒன்றில் கருவி.

சவ்வு உரிப்பதுதான் நேரம் எடுத்த வேலை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சாம்பல் வெளிச்சம் அசைந்தது, அவ்வளவுதான். ஆனால் காது இருக்கிறதே. பேச்சே இல்லை. நடுநடுவே “ஃபோர்செப்ஸ்”, “சாயம் இன்னும் கொஞ்சம்” என்று அந்த அம்மாவின் குரல். பார்வைக்குத் தெரியாத சவ்வை நீலச் சாயம் போட்டுத் தெரியவைத்து, நுனியைப் பிடித்து உரிக்கிறார்கள். ஈரத்தில் இரண்டு பட்டர் பேப்பர் ஒட்டிக்கொண்டால் நகத்தால் மேல் தாளை மட்டும் கிளப்பி எடுப்போமே, அந்த வேலை. இங்கே அடித்தாள் அரை மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத விழித்திரை, கிழிந்தால் மாற்றுத் தாள் கிடையாது. ஒரு கட்டத்தில் ஐந்து நிமிடம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு அவர் மெதுவாக “வந்துருச்சு” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் கந்த சஷ்டி சொல்வதை நிறுத்திவிட்டேன்.

உரித்த பிறகு தண்ணீரைவிடக் கனமான ஒரு திரவத்தை விட்டார்கள். அது அடியில் போய் உட்கார்ந்து விழித்திரையை இஸ்திரி போட்டது போல நீவுகிறது. சுற்றிலும் லேசர். கடைசியில் அந்தத் திரவத்தை எடுத்துவிட்டு சிலிக்கான் எண்ணெய். கேஸ் தானாகக் கரைந்துவிடும், எண்ணெய் நாமாக எடுக்கும்வரை அங்கேயே இருக்கும், மாதக்கணக்கில் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டுக்காரர் கேட்டார், தண்ணி இருந்த இடத்தில் எண்ணெயா, இதெல்லாம் சோதனை எலி வேலை இல்லையா என்று. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. என் மகள் பார்மசி படிக்கிறாள், நான் குப்புறக் கிடந்த நாட்களில் போனில் தேடித் தேடி வாசித்துக் காட்டினாள். கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெயைப் பால் சிபிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1962லேயே பயன்படுத்தியிருக்கிறார். கண்ணின் வெள்ளைச்சுவர் வழியாக நுழைந்து ஜெல்லை எடுக்கும் முறையை ராபர்ட் மக்கெமர் 1970ஐ ஒட்டி மயாமியில் கொண்டுவந்தார். இப்படித் தழும்பு விழுந்த கண்களில் எண்ணெயா கேஸா என்று அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் சேர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 1992ல் வந்திருக்கிறது. சீக்கிரம் கரையும் கேஸைவிட எண்ணெய் மேல், நீண்ட நாள் நிற்கும் கேஸும் எண்ணெயும் ஏறக்குறைய சமம். எனக்கு முதலில் வைத்தது அந்த நீண்ட நாள் கேஸ். அது இருக்கும்போதே தழும்பு முந்திக்கொண்டது.

அதற்கெல்லாம் முன்னால், 1920களில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் ஜூல்ஸ் கோனின் என்பவர் கிழிசலைத் தேடிப் பிடித்து அடைக்க வேண்டும் என்று நிரூபிக்கும்வரை, விழித்திரை விலகினால் கண் போனதுதானாம். வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பார்களாம். அதற்கப்புறமும் ரொம்ப நாள், ஆபரேஷன் முடிந்தால் தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை அண்டக் கொடுப்பார்களாம். மகள் இதை வாசித்தபோது நான் குப்புறக் கிடந்தேன். மணல் மூட்டை கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

குப்புறக் கிடப்பதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். கண்ணின் பின்சுவரை அது தாங்க வேண்டுமானால் பின்சுவர் மேலே இருக்க வேண்டும், அதாவது முகம் தரையைப் பார்க்க வேண்டும். மணிக்கு ஐம்பது நிமிடம், பத்து நாள். தூக்கத்திலும்தான்.

ஆன்லைனில் ‘முகம் கவிழ்க்கும் தலையணை’ என்று ஒன்று 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். இதற்குத் தனியாக ஒன்றரை நட்சத்திரம். படத்தில் அந்த வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டு படுத்திருப்பார். நம்ம ஊர் புழுக்கத்தில் அந்த ஸ்பாஞ்ச் அரைமணி நேரத்தில் வேர்த்து, கன்னத்தில் ஒட்டும், ஆபரேஷன் செய்த கண்ணின் கட்டுமேல் ஓரம் உரசும். மூன்றாம் நாள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் மனைவி ஒரு ஏற்பாடு செய்தாள். அச்சகத்தில் கட்டிங் மெஷினுக்கு முன்னால் கிடக்கும் பெஞ்சு, அதன் தலைமாட்டில் இன்னொரு ஸ்டூல், நடுவில் ஒரு சாண் இடைவெளி. பெஞ்சில் நெஞ்சு, ஸ்டூலில் நெற்றி, நெற்றிக்கு அடியில் பழைய வேட்டியைச் சும்மாடு போலச் சுற்றி வைத்தது. இடைவெளியில் மூச்சு. செலவு இல்லை, ஐந்து நட்சத்திரம். பின்னங்கழுத்து வலிக்கு யாரும் எதுவும் செய்ய முடியாது.

சாப்பாடு குனிந்தபடியே. இட்லி பரவாயில்லை, ரசம் சோறு கஷ்டம். டீக்கு உறிஞ்சு குழாய். கீழே தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதில் டிவியைத் தெரியவைத்தான் தம்பி மகன். படம் எல்லாம் திரும்பித் தெரியும், அடியில் ஓடும் செய்தி எழுத்தும் திரும்பித்தான் ஓடும். வீட்டில் எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். எனக்கு அது ட்ரெடில் அச்சகத்து ஈய எழுத்து. வலது கண்ணால் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். நாற்பது வருஷம் கழித்து அந்தப் படிப்பு உதவும் என்று அன்றைக்கு எனக்குத் தொழில் சொல்லித் தந்தவருக்குத் தெரிந்திருக்காது.

தீபாவளியன்று சிவகாசிப் பக்கத்து ஊரில் எவ்வளவு சத்தம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விடிகாலை நாலு மணிக்கு மனைவி எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்துவிட்டு என் பக்கம் வந்து நின்றாள். “உங்களுக்கு எங்கங்க வைக்கிறது, உள்ளேயே இருக்கு” என்றாள். சிரித்தேன், சிரித்தால் பெல்ட் கட்டிய இடம் வலிக்கும். தலைக்கு ஊற்றுவதற்குத் தடை, முகம் கழுவுவதற்குத் தடை. பலகாரம் தரைக்கு வந்தது.

இப்போது குறைகள்.

கண்மணி விரிக்கும் மருந்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஊற்றி உட்கார வைக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பக்கத்திலிருப்பது எதுவும் தெரியாது, வெளிச்சம் கூசும். அந்த நிலையில் இருக்கிறவர்களுக்கு டோக்கன் எண்ணைச் சுவரில் சின்னச் சிவப்பு விளக்கில் காட்டுகிறார்கள், கூப்பிடுவதில்லை. கூடத்தில் நூறு பேர் பக்கத்திலிருப்பவரிடம் “என்ன நம்பர் ஓடுது?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. கண் மருத்துவமனையில் இதை யார் யோசித்து வாங்கினார்களோ. ஒரு தடவை காலை ஏழு மணிக்குப் போய் மருத்துவரைப் பார்த்தது மூன்றே கால் மணிக்கு. காத்திருக்கும் விஷயத்தில் ஒரு நட்சத்திரம், அதுவும் கேண்டீன் சுக்குக் காபிக்காக.

டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில், எட்டுப் பாயிண்ட் எழுத்தில், நெருக்கி அடித்தது. நான்கு வகைச் சொட்டு மருந்து, ஒன்று ஆறு வேளை, ஒன்று நாலு வேளை, வாரத்துக்கு ஒன்று குறையும். தொழில்காரன் என்பதால் எனக்கு வயிறு எரிந்தது. மகளை உட்கார வைத்து, அதை 28 பாயிண்டில் தமிழில், மூடி நிறத்தோடு கட்டம் போட்டு அடித்துச் சுவரில் ஒட்டினேன். அடுத்த தடவை போனபோது கையோடு ஒன்று கொண்டுபோய், மருத்துவமனையில் நோயாளிகளுக்கு விவரம் சொல்லும் கவுன்சிலரிடம் கொடுத்தேன். “நல்லா இருக்கு சார்” என்று மேசையறைக்குள் வைத்தார். அதற்குப் பிறகும் எட்டுப் பாயிண்ட் சீட்டுதான் வருகிறது.

பெரிய குறை பணம். எண்ணெய் ஊற்றும் ஆபரேஷனுக்கு எஸ்டிமேட் 71,500 என்று கொடுத்தார்கள். அந்த எண்ணெயைத் திரும்ப எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் என்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை. மருத்துவர் ‘எடுக்க வேண்டும்’ என்று சொன்னார்தான், இல்லையென்று சொல்லவில்லை. பணம் பேசுகிற மேசைதான் சொல்லவில்லை. எண்ணெய் வைத்தால் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும், நாளானால் பொடிப்பொடிக் குமிழாக உடையும், கண்ணழுத்தம் ஏறலாம். அப்படியிருக்க இரண்டையும் ஒரே தாளில் எழுதுவதில் என்ன கஷ்டம்? பத்திரிகை அடிக்க வருகிற பார்ட்டியிடம் நான் கவருக்குத் தனிக்காசு என்று டெலிவரி அன்றைக்குச் சொன்னால் விடுவார்களா?

எண்ணெய் இருந்த ஐந்து மாதமும் விசித்திரமான காலம். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்ப்பது போலிருக்கும். மைனஸ் 9 இருந்த கண் மைனஸ் 5க்கு வந்தது, ஒளி எண்ணெயில் வேறு மாதிரி வளைவதால். காசு கொடுத்துப் பவரைக் குறைத்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மல்லாந்து படுக்கவே கூடாது என்று உத்தரவு, எண்ணெய் முன்பக்கம் வந்துவிடும் என்று. நடுவில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் அழுத்தம் 34 வரை போய், அதற்கு வேறு சொட்டு மருந்து. அந்த இரண்டு வாரமும் போன் செய்தால் அந்த அம்மாவே எடுத்தார் அல்லது ராத்திரிக்குள் திரும்பக் கூப்பிட்டார்.

2024 ஏப்ரலில் எண்ணெயை எடுத்தார்கள். அதற்குள் கண்ணில் புரை முற்றியிருந்தது, இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் அது வருவது வழக்கம்தான். அதையும் சேர்த்தே எடுத்து லென்ஸ் வைத்தார்கள். 33,000. எண்ணெய் எடுத்த பிறகு சிலருக்கு மறுபடி பெயரும் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் மூன்று மாதம் காலையில் எழுந்ததும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. பெயரவில்லை. இதை எழுதுகிறவரைக்கும் ஒட்டியிருக்கிறது.

என்ன தெரிகிறது? கண்ணாடி போட்டு 6/36, அதாவது நல்ல கண் 36 மீட்டரில் படிப்பதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கும். ஆளைப் பார்த்தால் ஆள் தெரியும், முகம் கிட்டே வந்தால்தான். பத்திரிகையின் பார்டர் கோடு நடுவில் குழியும், தந்திக்கம்பி தொங்குவது போல. இடது கண்ணால் பார்க்கும்போது எழுத்தெல்லாம் ஒரு சுற்றுச் சின்னதாகத் தெரியும், 12 பாயிண்ட் 10 ஆகிவிடும். இரண்டு கண்ணாலும் பார்த்தால் வலது கண் ஜெயித்துவிடுகிறது. புரூஃப் இனி இடது கண்ணுக்கு இல்லை. ஆனால் பைக்கில் போகும்போது இடது பக்கம் மாடு வருவது தெரிகிறது. தெரு நாய் தெரிகிறது. ஒரு பக்கம் இருட்டு என்று இல்லை. ஏழு மாதம் ஒரு பக்கம் இல்லாமல் நிலைவாசலில் இடித்துக்கொண்டு நடந்தவனுக்கு அதன் மதிப்பு தெரியும்.

அந்த அம்மாவின் கைக்கு ஐந்து. அவர் முன்கூட்டிச் சொன்ன விதத்துக்கும் ஐந்து. அவர் சொன்னதில் ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மருத்துவமனைக்கு மூன்று, எஸ்டிமேட் தாளை மாற்றினால் இன்னொன்று சேர்த்துப் போடுகிறேன். எனக்கு இந்த ஆபரேஷனைச் சொல்லியிருக்கிறார்கள், செய்யலாமா என்று கேட்பவர்கள் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: மேக்குலா பெயர்ந்து எத்தனை நாள் ஆகியிருக்கும், எண்ணெய் என்றால் எப்போது எடுப்பீர்கள், எடுக்க எவ்வளவு. குப்புறப் படுக்க பெஞ்சை முதல் நாளே தயார் செய்துவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னாலேயே அந்த அம்மா என் வலது கண்ணையும் மருந்து ஊற்றி ஓரம்வரை பார்த்தார். மேல் பக்கம் இரண்டு இடத்தில் துணி நைந்தது போல மெலிந்து, ஒன்றில் ஊசிமுனை அளவு ஓட்டை. நாடியைத் தாங்கியில் வைத்து உட்கார வைத்து, பச்சை வெளிச்சத்தில் பொட்டுப் பொட்டாகச் சுற்றி லேசர் போட்டார். பத்து நிமிடம், 4,000 ரூபாய், கொஞ்சம் சுரீர் என்றது. படுக்கை இல்லை, பெஞ்சு இல்லை. வெளியே வந்து சுக்குக் காபி குடித்துவிட்டு நாலரை மணி பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். இதையெல்லாம் டைப் செய்து புரூஃப் பார்த்தது அந்தக் கண்தான்.